பாக்கி

வெஸ்ட்ரே தீவில் மரம் கிடையாது.
காற்று விட்டுவைப்பதில்லை.
நகை வேலை படிக்க ஒரு குளிர்காலம்
கிளாஸ்கோ போனபோது
முதல் பாடமே இலை.
செப்புத் தகட்டில் தெரிந்த இலையொன்றை
வெட்டுங்கள் என்றார்கள்.
மற்றவர்களுக்கெல்லாம் ஒன்று தெரிந்திருந்தது.
நான் வெட்டியது
நண்டின் கடைசிக் கால் மாதிரி இருந்ததாம்.
இருக்காதா பின்னே?
பதினோரு வருஷம் தொழிற்சாலையில்
நண்டு உடைத்த கை.
எலுமிச்சை தேய்த்தாலும் போகாத கவிச்சி
செப்பிலும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

சின்ன வயதில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது,
கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில்.
முதலாளி அக்கா தோரா.
வாடிக்கையாளர் நான் ஒருத்திதான்.
காசு, குரோட்டி பக்கி:
சுண்டுவிரல் நகத்தை விடச் சிறிய சோழி,
வெளிறிய சிவப்பு,
பல்லை இளித்த வாய்.
ஈர மணலில் வயிறு பதியக்
குப்புறக் கிடந்தால்தான் கண்ணில் படும்.
நின்றபடி தேடிய அப்பாவுக்கு
ஒன்றுகூட அகப்பட்டதில்லை.

ஒரு கை கடற்பாசி, இரண்டு பக்கி.
செத்த சீல் குட்டியின் மீசை முடி, பன்னிரண்டு.
அப்புறம் அந்தப் பச்சைக் கண்ணாடிச் சில்லு.
வெயிலுக்கு நேரே பிடித்தால்
மாதா கோவிலும் கல்லறைகளும் ஆடுகளும்
தண்ணீருக்குள் நிற்கும்.
நாற்பது என்றாள்.
பேரம் படியவில்லை.
கடன் சொல்லி வாங்கி
அந்த வாரமே தொலைத்தேன்.

வேலையை விட்ட அன்று மேலாளர் லின்க்லேட்டர் கேட்டார்,
நகை செய்து சோறு கிடைக்குமா மெர்ரன்?
தெரியாது என்றேன்.
இன்னும் தெரியாது.
கோடையில் கப்பலில் வந்து இறங்குகிறவர்கள்
வைக்கிங் எழுத்துப் பொறித்தது இருக்கிறதா என்கிறார்கள்.
இல்லை.
டால்பின்?
இல்லை.
வேலிக் கம்பியில் சிக்கிய கம்பளி முடி இருக்கிறது,
வெள்ளியில்.
பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள்.
முதல் மோதிரத்தை வாங்கியவர் கால்நடை மருத்துவர்.
ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கிற கை,
விரலில் போட முடியாது.
சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டார்.
வண்டியைக் கிளப்பும்போதெல்லாம்
அது ஆடுவதை
தெருவில் நின்று பார்த்திருக்கிறேன்.

தோரா அபர்டீனில்,
நாற்பத்தாறு வயதில் கல்யாணம்.
என்ன செய்து அனுப்ப என்று கேட்டேன்.
ஒரு வரி வந்தது:
பழைய பாக்கி, நாற்பது.

ஜனவரிப் புயல் ஒரு கணவாய் ஓட்டை ஒதுக்கிவிட்டுப் போனது.
கடல்நுரை.
நகம் பட்டாலே குழிகிற வெள்ளை எலும்பு.
இரண்டாய் அறுத்து, தேய்த்து,
நடுவில் சோழியை வைத்து அமுக்கினால்
பல்வரிசை உட்படப் பதிந்துகொள்கிறது.
வாய்க்கால் கீறி
உருக்கிய வெள்ளியை ஊற்றினேன்.
மயிர் தீய்ந்த நாற்றம்.
மாடியிலிருந்து அம்மா,
என்னத்தையடி கொளுத்துகிறாய்?

ஆறிய பின் பிரித்தேன்.
சோழியின் முதுகெங்கும் வரி வரியாய்
ஓதம் வடிந்த மணல்.
நான் கீறியதல்ல.
கணவாய் வளர்ந்த கணக்கு அது,
அடுக்கடுக்காக.
வகுப்பில் இதை யாரும் கேட்கவில்லை.

ஓர் ஓட்டுக்கு ஒரு வார்ப்புதான், கருகிவிடும்.
மிச்ச ஓடுகளை
கிர்க்வால் கடையில் வாங்கினேன்,
கூண்டுக் கிளிகள் அலகு தீட்ட விற்கிறவை.
எத்தனை கிளி வளர்க்கிறீர்கள் என்றாள் கடைக்காரப் பெண்.
நாற்பது என்றேன்.
பாவமாய்ப் பார்த்தாள்.

பிப்ரவரி முழுக்க வெள்ளி.
இடது கட்டைவிரலில் ஒரு கொப்புளம், அது உடைந்து இன்னொன்று.
கடைசி வார்ப்பில் காற்றுக் குமிழி விழுந்து
வாய் கோணிவிட்டது.
இன்னோர் ஓடு கையில் இருந்தது.
செய்யவில்லை.

மார்ச்சில் படம் வந்தது:
கழுத்தில் மாலை,
பக்கத்தில் மாப்பிள்ளையின் அரைத் தோள்.
கீழே எழுதியிருந்தாள்,
ஒன்று குறைகிறது.

தெரியும்.
எண்ணித்தான் அனுப்பினேன்.